பியானோ கம்பி எங்கே அறும்?

சைக்கிள் கடை வைத்திருக்கும் என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். போக்ஸ் கம்பி ஒடிந்த வண்டி வந்தால், "வளைவுலதாண்டா போயிருக்கும்" என்பார்.

பியானோவும் அப்படித்தான், நண்பர்களே! உள்ளே சுமார் 230 கம்பிகள். மொத்த இழுவிசை ஏறத்தாழ 18 டன். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்குகிறது. பிறகு ஏன் சில பியானோக்களில் மட்டும் அடிக்கடி கம்பி அறுகிறது? சுத்தியலின் கம்பளி இறுகிப்போனால் அடி கடுமையாக விழும். கம்பி வளையும் இடத்தில் துருவும் சேர்ந்தால், அடிமேல் அடி வாங்கி அங்கேதான் அறும். நாம் படிக்கிற 'ஃபெட்டீக்' இதுதான்.

சுருதி கலைவது மரத்தால். ஈரத்தில் ஒலிப்பலகை உப்பும், சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். முறுக்காணிகளைப் பிடிக்கும் மரம் தளர்ந்தால் சுருதி நிற்கவே நிற்காது.

முதலாண்டில் அப்பாவின் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது சொல்கிறேன்: ஃபெட்டீக் பாடத்தை எனக்கு முதலில் நடத்தியவர் அவர்தான்!