வளைந்த புடலைக்கும் வாடிக்கையாளர் உண்டு

புடலைப் பந்தலில் பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் விவசாயிகளின் பழைய வழக்கம். காய் சுருண்டுகொள்ளாமல் நேராக நீள வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை இது. கல் கட்டிய காய்க்கும் கட்டாத காய்க்கும் சுவையில் வித்தியாசம் கிடையாது. மண்டியில் மட்டும் விலை வேறு. சுருண்ட புடலை, குட்டைக் கத்தரி, இரட்டைத் தக்காளி, கவட்டை விட்ட முள்ளங்கி எல்லாம் கழிவு என்று ஒதுக்கப்பட்டு அடிமாட்டு விலைக்குப் போகின்றன. சில நாள் மாட்டுக்கே போகின்றன.

இப்படி ஒதுக்கிய காயையும், வரத்து கூடும்போது மிஞ்சும் காயையும் சேர்த்து ஒரே பெட்டியாக, நிர்ணயித்த விலைக்கு வாரம்தோறும் வீடுகளுக்குக் கொடுக்கும் முறை வெளிநாடுகளில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. உளுந்தூர்பேட்டை பகுதி விவசாயிகளும் இதைச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். எங்கே மிச்சம், எங்கே நஷ்டம் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015-ம் ஆண்டு ஆய்வின்படி, நம் நாட்டில் தக்காளியில் 12.44 சதவீதமும், கொய்யாவில் 15.88 சதவீதமும் அறுவடையிலும் அதன் பிறகும் வீணாகின்றன. விதை, உரம், தண்ணீர், ஆள்கூலி எல்லாம் செலவழித்த பிறகு ஏற்படும் இழப்பு இது.

ஊரடங்கில் கற்ற பாடம்

காய்கறி வீடு தேடி வருவது நமக்குப் புதிதல்ல. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்ட நாட்களில், பல ஊர்களில் பலவகைக் காய்களைப் பையில் போட்டு ஒரே விலைக்கு விற்றார்கள். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் வாகனங்களில் தெருத்தெருவாகக் காய்கறி கொண்டு சென்றன.

ஊரடங்கு முடிந்ததும் மக்கள் கடைக்கே திரும்பினார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது நம் வீட்டுப் பழக்கம். பெட்டி வாங்குபவர் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறார். அந்த நம்பிக்கையை ஒருமுறை கெடுத்தால் அடுத்த வாரம் பெட்டி திரும்பி வரும்.

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் 2013-ல் தொடங்கிய ‘ஃப்ரூட்டா ஃபெயா’ கூட்டுறவு அமைப்பு நமக்குப் பொருத்தமான முன்மாதிரி. பெயருக்கு ‘அழகில்லாத பழம்’ என்று அர்த்தம். உருவத்துக்காக ஒதுக்கப்படும் காய், பழங்களை விவசாயிகளிடம் விலைக்கு வாங்கிச் சிறிய கூடை, பெரிய கூடை என்று இரண்டு அளவில் தருகிறார்கள். உறுப்பினர்கள் குறித்த நாளில் ஓர் இடத்துக்கு வந்து எடுத்துச் செல்கிறார்கள்.

எது பெட்டிக்கு ஆகும்?

வளைந்தது, சிறுத்தது, பருத்தது, தோலில் காற்றில் உரசிய தழும்பு உள்ளது ஆகியவை தாராளமாகப் பெட்டிக்குப் போகலாம். காய்த்துளைப்பான் புகுந்த கத்தரி, வெடித்து நீர் வடியும் தக்காளி, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, பச்சை நிறம் ஏறிய உருளை ஆகியவை கூடவே கூடாது. அழகில்லாத காய் வேறு, கெட்ட காய் வேறு. தரம் பிரிப்பவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மிஞ்சிய காயிலும் கவனம் தேவை. கத்தரி மலிந்த மாதத்தில் பெட்டி முழுக்கக் கத்தரியை நிரப்பினால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே காய் பெட்டியின் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். கீரை, மரவள்ளி சேர்க்கலாம். மாதம் ஒருமுறை கல்வராயன்மலைச் சாமை, புளி, தேன் என்று ஏதாவது ஒன்றை வைத்தால் பெட்டிக்கு மதிப்புக் கூடும்.

வண்டி வாடகைதான் முடிவு செய்யும்

ஓர் உதாரணக் கணக்கு. 5 கிலோ பெட்டி 150 ரூபாய், வாரம் 50 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டியில் விவசாயிக்குக் கிலோ 18 ரூபாய் வீதம் 90 ரூபாய். தரம் பிரித்துக் கட்ட இரண்டு ஆட்கள் கூலி 800 என்றால் பெட்டிக்கு 16 ரூபாய். பைக்கு 5 ரூபாய், சேதத்துக்கு 10 ரூபாய். இதுவரை 121 ரூபாய்.

ஒரே இடத்தில் இறக்கிவைக்க வண்டி வாடகை 600 என்றால் பெட்டிக்கு 12 ரூபாய். 17 ரூபாய் மிஞ்சும். அதே வண்டி வீடு வீடாகச் சுற்றி 1,500 ரூபாய் ஆனால் பெட்டிக்கு 30 ரூபாய். ஒரு ரூபாய் நஷ்டம். காய், விலை, ஆள் எல்லாம் ஒன்றுதான். வாசல்படி ஏறியதில் லாபம் போய்விட்டது.

எனவே, தொடக்கத்தில் வீட்டு வாசலுக்குப் பதில் தெருமுனையே போதும். உளுந்தூர்பேட்டை சென்னை - திருச்சி சாலையில் இருக்கிறது. சேலம் சாலையும் இங்கேதான் பிரிகிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் எல்லாம் எட்டும் தூரம். அரசு ஊழியர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை போன்ற, சம்பளக்காரர்கள் கூடும் ஓர் இடத்தைப் பிடித்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் கொடுக்கலாம். அருகில் இருப்பவருக்குக் கூடுதல் கட்டணத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

வரம்பை மறக்கக் கூடாது

முதல் தரக் காயை இந்தப் பெட்டியில் போட்டு விற்றால் நம் விலையை நாமே உடைத்தது ஆகும். அதை வழக்கம்போல உழவர் சந்தைக்கோ மண்டிக்கோ அனுப்ப வேண்டும். டன் கணக்கில் தக்காளி குவியும் நாளில் 50 பெட்டி காப்பாற்றாது. மண்டி ஒதுக்கும் பங்குக்குத்தான் இது வழி.

தனி விவசாயியால் வாரம்தோறும் எட்டு வகைக் காய் தர முடியாது. பத்துப் பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவோ மகளிர் சுயஉதவிக் குழுவோ இதை எடுத்து நடத்தலாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலர்கள் காய் வரத்தைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் குழுவுக்குப் பாதி வேலை முடிந்தது. குழுவாக விற்கும்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் 20 வீடுகள், எட்டு வாரங்கள் போதும். ஒவ்வொரு வாரமும் எத்தனை பெட்டி போனது, எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள், விவசாயி கைக்குக் கிலோவுக்கு எவ்வளவு வந்தது என்று மூன்று கணக்கை மட்டும் நோட்டில் எழுதுங்கள். மண்டி தந்ததைவிட விவசாயி கையில் கூடுதலாக நின்றால் தொடரலாம். இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லாமல் நிறுத்திவிடலாம்.