தொலைபேசியில் தொடங்கிய செவியியல்

உடனடிப் பயன் தராத ஆராய்ச்சிக்கு மக்களின் வரிப்பணத்தைச் செலவிடலாமா? பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. அப்போதெல்லாம் ஜார்ஜ் வான் பெக்கேசியின் வாழ்க்கையையே நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

1899-இல் புடாபெஸ்டில் பிறந்த பெக்கேசி, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரி வறுமையில் வாடியது. நல்ல கருவிகளுடன் இயங்கிய ஆய்வகங்களைக் காண்பதே அரிது. அவற்றுள் ஒன்று அந்நாட்டு அஞ்சல் துறையினுடையது. தொலைபேசியும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. பெக்கேசி அங்கே பணியில் சேர்ந்தார்.

தொலைபேசியின் ஒலித் தரத்தை உயர்த்த வேண்டும் என்பது துறையின் தேவை. எந்த அளவுக்கு உயர்த்துவது? கேட்பவரின் செவி எவ்வளவு நுட்பமானது என்பது தெரிந்தால்தானே அதை முடிவு செய்ய இயலும்? இவ்வாறு, கம்பியின் கோளாறைத் தேடிய பொறியாளர் உட்செவிக்குள் நுழைந்தார்.

நத்தை ஓட்டைப் போல் சுருண்டிருப்பதால் உட்செவியின் கேட்கும் பகுதியை நத்தைச் சுருள் என்கிறோம். அதனுள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. யாழின் நரம்புகளைப் போல, இச்சவ்வின் ஒவ்வோர் இழையும் தனக்குரிய சுருதிக்குத் தனியே அதிர்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்வைத்த விளக்கம்.

அதை நேரில் கண்டறிய விரும்பிய பெக்கேசி, இறந்தோரின் செவிகளில் நுண்துளையிட்டு, உள்ளே வெள்ளித் துகள்களைத் தூவினார். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தார். இழைகள் தனித்தனியே அதிரவில்லை. சவ்வு நெடுகிலும் ஓர் அலை ஓடியது. உயர்ந்த சுருதிக்கு அவ்வலை சவ்வின் தொடக்கத்திலேயே உச்சம் பெற்று அடங்கியது; தாழ்ந்த சுருதிக்குச் சுருளின் நுனி வரை சென்றது. உச்சம் பெறும் இடமே சுருதியை மூளைக்கு உணர்த்தும் குறியாகிறது.

போருக்குப் பின் அவர் ஸ்டாக்ஹோமுக்கும், 1947-இல் ஹார்வர்டுக்கும் சென்றார். 1961-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இந்த இயற்பியலாளருக்குக் கிடைத்தது. இறுதி ஆண்டுகளை ஹவாயில் ஆய்விலேயே கழித்து, 1972-இல் மறைந்தார்.

அவருடைய முடிவு முழுமையானதன்று. அவர் கண்டவை உயிரற்ற செவிகள். செலுத்தியதோ மிக வலுத்த ஒலி. அவற்றில் தெரிந்த அலையின் உச்சம் பரந்து மழுங்கியிருந்தது. நெருங்கிய இரு சுருதிகளைப் பிரித்தறியும் நம் திறனை அது விளக்கவில்லை. உயிருள்ள செவி ஒலியைத் தானே பெருக்குகிறது என்று 1948-இலேயே தாமஸ் கோல்ட் வாதிட்டார். அன்று அது எடுபடவில்லை. செவியே மெல்லொலி எழுப்புகிறது என்று 1978-இல் டேவிட் கெம்ப் பதிவு செய்து காட்டிய பிறகே அக்கருத்து வலுப்பெற்றது. ஒருவர் விட்ட குறையை அடுத்தவர் நிறைவு செய்வதே அறிவியலின் இயல்பு.

இதனால் சாமானியருக்கு என்ன பயன்? கெம்ப் கண்ட மெல்லொலியைக் கொண்டே இன்று பச்சிளங்குழந்தை உறங்கும்போதே அதன் செவித்திறனைச் சோதிக்கிறார்கள். உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் கருவியின் மின்முனைகள், சுருதிக்கு ஏற்ற இடத்தில் நரம்பைத் தூண்டுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இக்கருவியைப் பெற்று, பேசக் கற்ற குழந்தைகள் பலர்.

அஞ்சல் துறையின் கணக்கேட்டில் இந்த வரவு எதுவும் ஏறவில்லை. செலவிட்டது ஹங்கேரி; பயனடைந்ததோ உலகம். ஆதாயம் தன் கைக்கு வந்து சேராத முதலீட்டைத் தனியார் நிறுவனம் தயங்கியே செய்யும். அதனால்தான் இத்தகைய ஆய்வைப் பொதுப் பண்டம் என்கிறது பொருளியல். அதனால்தான் அரசு அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

எல்லா ஆய்வும் பலன் தராது என்பது உண்மையே. ஆனால், எது தரும் என்பதை முன்கூட்டியே அறிந்து விதைக்க எவராலும் இயலாது. நிதிநிலை அறிக்கை தயாரிப்போர் இதை மறத்தலாகாது.