உங்களுக்குத் தெரியுமா? காணிக்குக் கடவுச்சீட்டும் வேண்டும்

● உப்புவெளியில் பிறந்து, அந்தக் கடலிலேயே நீந்தப் பழகி, பிறகு கனடாக் குடியுரிமை எடுத்த பெரியப்பாவும் இலங்கைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுத்தது. அதுவும் 2013 ஜனவரி 1இலிருந்தே. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. அதனால்தான் நொத்தாரிசு விலை கேட்பதற்கு முன்பே, "ஐயாவிட்ட இப்ப எந்த பாஸ்போட்?" என்று கேட்கிறார். அப்பா விட்டுப்போன வளவு முதுசமாக வந்தால் கதை வேறு. அதற்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது.

● முந்தி இந்தத் தடை வரியாக இருந்தது. 1963இல் வந்த சட்டப்படி, வெளிநாட்டவர் வாங்கும் காணியின் பெறுமதி எவ்வளவோ அவ்வளவும் வரி, நூற்றுக்கு நூறு! 2002இல் எடுத்தார்கள், 2004இல் திரும்பப் போட்டார்கள்.

● "அப்ப தம்பியின்ர பேரில எழுதுவம், காசு நான் அனுப்புறன்." இந்தப் பேச்சை விறாந்தையில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருந்து கையெழுத்திடாத காணி விற்பனை செல்லாது. உறுதியில் இருப்பது தம்பி பெயர். தம்பி நல்லவர்தான்; தம்பியின் பிள்ளைகள் எப்படியோ?

● மாடி வீட்டுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கு வைத்தது: நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், முழுக் காசும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வந்துசேர வேண்டும். திருகோணமலையில் நாலாம் மாடியில் ஒரு வீட்டைத் தேடிப் பிடியுங்கள் பார்ப்போம்.

● அப்படிக் கொண்டுவரும் காசை வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகவே எடுங்கள். பிறகு விற்றால், அந்தக் காசை வெளியே கொண்டுபோக அதுதான் வழி. சேமிப்பு முழுவதையும் ஒரே வங்கியில் குவிக்கவும் வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரைதான்.

● யாழ்ப்பாணத்தார் 'பரப்பு' என்பார்கள், இங்கே பேர்ச். 10 பேர்ச் ஒரு பரப்பு, 160 பேர்ச் ஒரு ஏக்கர். நிலாவெளிப் பக்கம் மலிவாகக் கிடைத்தால் உறுதிக்காணியா, பெர்மிட் காணியா என்று கேளுங்கள். பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

● வாங்க முடியாத வெளிநாட்டவருக்குக் குத்தகை உண்டு, உச்சம் 99 வருடம். 99 என்றால் நம்மூரில் இன்னொன்றும் நினைவுக்கு வரும்: சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 2022 ஜனவரியில் அவற்றைப் பிரித்தார்கள். 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. குத்தகைக் காலம் 50 வருடம். அயல்நாட்டுக் கம்பனிக்கும் இங்கே உறுதி இல்லை, குத்தகைதான்.