பாட்டு முன்னே, கதை பின்னே

வழக்கமாகக் கதைக்குத்தான் பாட்டு எழுதுவார்கள். ‘மம்மா மியா’ படத்தில் பாட்டுக்குக் கதை எழுதினார்கள், நேயர்களே! சுவீடனின் ‘அபா’ குழு பாடி உலகமெங்கும் பரவிய பாடல்களைக் கோத்து, கேத்தரின் ஜான்சன் ஒரு கல்யாணக் கதையைப் புனைந்தார். தன் அப்பா யாரென்று அறிய ஆசைப்படும் மணப்பெண், அம்மாவின் பழைய நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அப்பாவாக இருக்கக்கூடிய மூன்று பேருக்கு அழைப்பு அனுப்புகிறாள். மூவருமே வந்து இறங்குகிறார்கள்!

முதலில் இது மேடை நாடகம். லண்டனில் 1999 ஏப்ரல் 6 அன்று அரங்கேறியது. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ‘அபா’ வென்று சரியாக 25 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. நாடகத்தை இயக்கிய ஃபிலிடா லாய்டே 2008இல் படத்தையும் இயக்கினார். கடலும் பைன் மரங்களுமாய்க் கண்ணைப் பறிக்கும் வெளிப்புறக் காட்சிகள் பெரும்பாலும் கிரேக்கத்தின் ஸ்கோபெலோஸ் தீவில் எடுத்தவை.

மெரில் ஸ்ட்ரீப், பியர்ஸ் பிராஸ்னன் என நடித்த எல்லோரும் சொந்தக் குரலில் பாடினார்கள். பிராஸ்னனின் பாட்டை விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இருக்கட்டும், கூச்சமில்லாத அந்த உற்சாகம்தான் படத்தின் உயிர். பாடல்களை உருவாக்கியவர்களில் ஒருவரான பென்னி ஆண்டர்சன், ஒரு காட்சியில் பியானோ வாசிப்பவராகத் தலைகாட்டுவார். படம் பார்க்கும்போது தேடிப் பாருங்கள்.