அரிக்கொம்பன் போன வழி

மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. 'கொம்பன்' என்றால் தந்தம் உள்ள ஆண் யானை. அரிக்கொம்பன் என்றால் அரிசி தின்னும் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் திரிந்த ஒரு காட்டு யானைக்கு மக்கள் வைத்த பெயர் இது.

பன்னியாறு எஸ்டேட்டில் ஒரு ரேஷன் கடை இருக்கிறது. அந்தக் கடையை இந்த யானை பல முறை உடைத்தது. சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுத்துத் தின்றது. லயத்து வீடுகளையும் இடித்தது. கடை உடைந்தால் யாருக்கு நட்டம்? அந்த மாத அரிசியை நம்பி இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குத்தான். அந்தப் பகுதியில் யானை தாக்கி இறந்தவர்களும் உண்டு.

இந்த யானையைப் பிடித்துக் கும்கியாகப் பழக்கலாம் என்று 2023ஆம் ஆண்டு கேரள வனத்துறை முடிவு செய்தது. கும்கி என்றால் பழக்கப்பட்ட யானை. மற்றக் காட்டு யானைகளை விரட்ட அதைப் பயன்படுத்துவார்கள். நான்கு கும்கிகளும் சின்னக்கானலுக்கு வந்து சேர்ந்தன. அதற்குள் விலங்குகளுக்காக வேலை செய்யும் இரண்டு அமைப்புகள் கேரள உயர் நீதிமன்றத்திற்குப் போய்விட்டன. காட்டில் பிறந்த யானையைக் கூண்டில் அடைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கு. மார்ச் 23ஆம் தேதி இரவு நீதிமன்றம் கூடி, யானையைப் பிடிக்கத் தடை போட்டது.

சின்னக்கானல் மக்களுக்குக் கோபம் வந்தது. சாலையில் உட்கார்ந்தார்கள். மார்ச் 30ஆம் தேதி பல ஊராட்சிகளில் கடையடைப்பு நடந்தது. "வழக்குப் போட்டவர்கள் ஓர் இரவு எங்கள் லயத்தில் வந்து படுத்துப் பார்க்கட்டும்" என்று பேச்சு எழுந்தது. இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யானைக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறார்கள். யானையோடு இருப்பவர்கள் நாம்.

ஆனால் அவர்கள் கேட்டதும் தவறான கேள்வி இல்லை.

விலங்குக்கு உரிமை உண்டா?

உண்டு. 1960ஆம் ஆண்டிலேயே விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மாட்டை அடித்துத் துன்புறுத்துவது, தாங்காத பாரம் ஏற்றுவது, தீனி தண்ணீர் கொடுக்காமல் கட்டிப் போடுவது எல்லாம் அந்தச் சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டு வந்தது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். யானையைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 1976ஆம் ஆண்டு நம் அரசியல் சட்டத்திலும் ஒரு கடமையைச் சேர்த்தார்கள். காட்டையும் ஆற்றையும் காக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது.

யானையால் மனுக் கொடுக்க முடியாது. அதற்காக வேறு ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரிக்கொம்பன் வழக்கில் நடந்தது அதுதான்.

நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கும்கியாக்க வேண்டாம், வேறு காட்டில் கொண்டுபோய் விடலாம் என்றது குழு. எந்தக் காடு? பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பரம்பிக்குளம் என்று முடிவானது. உடனே பாலக்காட்டில் போராட்டம் தொடங்கியது. பரம்பிக்குளம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. அந்தக் காட்டுக்குள் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. "இடுக்கிக்கு ஆகாத யானை எங்களுக்கு மட்டும் ஆகுமா?" என்று அவர்கள் கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்லுவது யாருக்கும் கடினம்தான்.

கடைசியில் பெரியாறு புலிகள் காப்பகம் என்று ஆனது. ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டு யானையைப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். யானை இருக்கும் இடத்தை அந்தப் பட்டை காட்டிக் கொடுக்கும். கொட்டும் மழையில் லாரியில் ஏற்றி, விடிவதற்குள் பெரியாறு காட்டில் விட்டார்கள்.

யானை அங்கே நின்றதா? இல்லை. மேகமலைப் பக்கம் நடந்தது. மே 27ஆம் தேதி தேனி மாவட்டம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. தெருவில் யானை ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அன்று அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்தார். ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடியும் பிடித்தது. திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். செப்டம்பரில் அங்கேயும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்து, வாழையைத் தின்றுவிட்டுக் காட்டுக்குத் திரும்பியது.

அரிக்கொம்பனை ஒரே ஆண்டில் இரண்டு முறை ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, தெரியாத காட்டில் விட்டார்கள். சின்னக்கானலில் யானைத் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை. சக்கைக்கொம்பன் முதலிய மற்ற யானைகள் அங்கேயே இருந்தன.

யானை ஏன் வருகிறது?

ஒரு பெரிய யானை ஒரு நாளில் 150 கிலோவுக்கு மேல் தீனி தின்னும். 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். இவ்வளவு தீனி ஒரே இடத்தில் கிடைக்காது. அதனால் நடந்துகொண்டே இருக்கும். பாட்டி யானை முன்னால் போகும். மகள்களும் பேத்திகளும் குட்டிகளும் பின்னால் போவார்கள். பாட்டிக்குத் தெரிந்த வழிதான் கூட்டத்துக்கு வழி. ஆண் யானை வயசுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும். ரேஷன் கடையை உடைப்பது அனேகமாக இந்தத் தனி ஆண்தான்.

சின்னக்கானல் பக்கத்தில் ஆனையிறங்கல் அணை இருக்கிறது. அந்தப் பெயரை ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஆனை இறங்கும் இடம். அணை கட்டுவதற்கு முன்பே, தேயிலை நடுவதற்கு முன்பே, யானை அங்கே இறங்கித் தண்ணீர் குடித்தது. பிறகு காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். அணையில் தண்ணீர் நிறைந்தது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னால், நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்கள் 301 பேருக்கு அந்த யானை வழியிலேயே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். 301 காலனி என்று அதற்குப் பெயர். யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. ஏழைக்கு நிலம் கொடுத்தது சரி. கொடுத்த இடம்தான் சரியில்லை. அதற்கு யானை பொறுப்பு இல்லை. அந்தக் குடும்பங்களும் பொறுப்பு இல்லை.

வெள்ளியாற்றில் நின்ற யானை

பாலக்காட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

2020ஆம் ஆண்டு மே மாதம். மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் ஒரு பெண் யானை இறங்கி நின்றது. வாயையும் தும்பிக்கையையும் தண்ணீரில் வைத்தபடி அசையாமல் நின்றது. கும்கிகளைக் கொண்டு வந்தும் அதைக் கரையேற்ற முடியவில்லை. மே 27ஆம் தேதி நின்ற இடத்திலேயே இறந்தது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் குட்டி இருந்தது.

என்ன நடந்தது? காயில் வெடி வைத்திருந்தார்கள். யானை அதைக் கடித்தது. வாய்க்குள் வெடித்துத் தாடை நொறுங்கிவிட்டது. அதன் பிறகு அதனால் தின்ன முடியவில்லை. வலியும் ஈயும் தாங்காமல்தான் தண்ணீரில் நின்றிருக்க வேண்டும். முதலில் அன்னாசிப்பழத்தில் வெடி என்று செய்தி வந்தது. தேங்காயில் வைத்த வெடி என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைக் கைது செய்தார்கள்.

வேறொரு பொய்யும் அப்போது பரவியது. இது மலப்புறம் மாவட்டத்தில் நடந்தது என்று சொல்லி, அந்த மாவட்டத்து மக்களையே பலர் திட்டினார்கள். நடந்தது பாலக்காடு மாவட்டத்தில். யானைக்காக அழுதவர்களில் சிலர் மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்லவும் கூசவில்லை. செல்போனில் வருவதை எல்லாம் நம்பக் கூடாது என்று நாம் வகுப்பில் பேசுகிறோமே, அது இதற்கும்தான்.

இந்த வெடி யானைக்கு வைத்தது அல்ல. காட்டுப் பன்றிக்கு வைப்பது. நம் பக்கம் பன்றிப்படக்கம் என்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் அவுட்டுக்காய் என்பார்கள். கப்பையையும் சேனையையும் பன்றி தோண்டிவிட்டால் விவசாயிக்கு வயிறு எரியும். உண்மைதான். ஆனால் வெடிக்குப் பன்றி எது, யானை எது என்று தெரியாது. பசு கடித்தாலும் வெடிக்கும். நாய் கடித்தாலும் வெடிக்கும். வேலியில் வைக்கும் கரண்டுக் கம்பியும் அப்படித்தான். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனையும் அது கொல்லும்.

பன்றிக்கு வேறு வழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் ஊராட்சித் தலைவருக்கே ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். விளைச்சலை அழிக்கும் காட்டுப் பன்றியை, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட அவர் அனுமதிக்கலாம். வெடி, விஷம், கரண்டு மூன்றும் கூடாது. பன்றியைச் சுடுவதும் சரியில்லை என்று சொல்லும் விலங்கு நேயர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. வாயில் வெடி வைப்பதை நிறுத்தினாலே பெரிய காரியம்.

வால்பாறையில் என்ன செய்தார்கள்?

பாலக்காட்டு மலைக்கும் மூணாறு மலைக்கும் நடுவில் இருக்கிறது வால்பாறை. தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டம், லயம், ரேஷன் கடை, யானை. 1994 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் அங்கே நாற்பது பேர் வரை யானையால் இறந்தார்கள்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2002ஆம் ஆண்டு முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து கணக்கு எடுத்தார்கள். ஆனந்தகுமார் என்பவர் அந்த வேலையை முன்நின்று நடத்தினார். இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொரு சாவையும் விசாரித்தார்கள். ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாது. வேலை முடிந்து, கடைக்குப் போய்விட்டு, மங்கிய நேரத்தில் வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள். தேயிலைச் செடிக்கு நடுவில் யானை நின்றது. இவ்வளவு பெரிய விலங்கு நடந்தால் சத்தமே வராது. அதன் பாதம் மெத்தை மாதிரி.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இன்று யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். அதைத்தான் செய்தார்கள்.

முதலில் கேபிள் டிவியில் மாலை நேரத்தில் எழுத்து ஓடவிட்டார்கள். எந்த எஸ்டேட்டில் யானை இருக்கிறது என்று அதில் வரும். 2011ஆம் ஆண்டு முதல் செல்போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலாகவே செய்தி போனது. (படிக்கத் தெரியாததால் ஓர் உயிர் போய்விடக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது.) பிறகு முக்கியமான இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை வந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் செல்போனில் இருந்து அந்த விளக்குக்கு அழைப்புக் கொடுப்பார். விளக்கு மின்னத் தொடங்கும். தூரத்தில் இருந்தே தெரியும். பஸ்ஸை விட்டு இறங்குபவர் விளக்கைப் பார்ப்பார். வேறு வழியில் போவார், அல்லது காத்திருப்பார்.

விளக்கை இயக்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, அந்தந்தத் தோட்டத்து மக்களே. உயிர்ச்சாவு வெகுவாகக் குறைந்தது. 2015ஆம் ஆண்டு இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தில் விட்லி விருது கொடுத்தார்கள். இத்தனைக்கும் அங்கே ஒரு யானையையும் லாரியில் ஏற்றவில்லை.

வாளையாறு ரயில் பாதையிலும் இதே யோசனைதான். 2021 நவம்பரில் கோவை நவக்கரை பக்கம் ஒரே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024ஆம் ஆண்டு மதுக்கரைப் பக்கம் தண்டவாளத்தின் ஓரம் கோபுரங்கள் கட்டி, இருட்டிலும் பார்க்கும் கேமராக்களை வைத்தார்கள். யானை பாதைக்குப் பக்கத்தில் வந்தால் ரயில்காரர்களுக்கும் வனத்துறைக்கும் உடனே தகவல் போகும். வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள்.

நம் தோட்டத்தில்

மூணாறில் ஒரு யானைக்கு நம் ஆட்கள் படையப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்ததில் பாசம் இருக்கிறது. ஆனால் அதே படையப்பா குப்பைக் கிடங்கில் காய்கறிக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்றதை எல்லோரும் பார்த்தோம். சாலையில் வண்டியை நிறுத்தி, அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். ஹாரன் அடிக்கிறார்கள். பாலக்காடு தோணியில் 2023 ஜனவரியில் பிடித்த யானையின் உடம்பில் துப்பாக்கிச் சிறு குண்டுகள் இருந்தன. ஒரு கண்ணும் கெட்டிருந்தது. அந்த யானை ஒருவரைக் கொன்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யார் சுட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, யானை வாழையை மிதித்தால் சட்டம் எனக்கு என்ன தரும்?" நல்ல கேள்வி. விளைச்சல் அழிந்தாலும், வீடு இடிந்தாலும், மாடு செத்தாலும், காயம் பட்டாலும் வனத்துறையில் நிவாரணம் கேட்கலாம். காட்டு யானை தாக்கி ஒருவர் இறந்தால் கேரளத்தில் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய். அட்சயா மையத்தில் விண்ணப்பம் பதியலாம். அழிந்த வாழையை வெட்டி எறிவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். எத்தனை வாழை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள். ரேஞ்சு ஆபீசில் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அக்கா அன்றே எழுதிவிட்டார். 'நிவாரணம்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.