படம் எடுத்தால் பாதி வேலைதான்

ஓலைச்சுவடிகளை, பழைய நூல்களை, அந்தக்காலப் புகைப்படங்களை ‘டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்’ என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. கூடவே இத்தனை லட்சம் பக்கங்கள் என்று ஒரு கணக்கும் வரும். அதைப் படித்து மகிழ்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: எனக்கு வேண்டிய பக்கத்தை என்னால் தேடி எடுக்க முடியுமா? பல தளங்களில் முடிவதில்லை. ஏன் என்று புரிய, ஒரு சுவடி செல்பேசித் திரைக்கு வந்துசேரும் வழியைப் பார்க்க வேண்டும்.

சுவடி கைக்கு வந்ததும் மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவார்கள். காய்ந்து முறுகிய ஏட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் கொஞ்சம் நெகிழ்வு திரும்பும், பூச்சியும் எளிதில் அண்டாது. எழுத்தாணியால் எழுதியது வெறும் கீறல். அதற்கென்று நிறம் கிடையாது. பூசியிருந்த மை உதிர்ந்துபோயிருந்தால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைக்கிறார்கள். கீறலுக்குள் கரி தங்கி எழுத்து துலங்கும். அதன் பிறகே கேமரா. ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பக்கம், ஆக 200 ஏடு என்றால் 400 படம். ஏட்டுக்கு அருகில் ஓர் அளவுகோலும் வண்ணப் பட்டையும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஏட்டின் உண்மை அளவும் உண்மை நிறமும் தெரிய வேண்டும் என்பதற்காக அது. பெரிய மூலக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, சிறிய படத்தை இணையத்தில் ஏற்றுவார்கள்.

இதுவரை நடந்ததற்குக் கவனமும் பொறுமையும் போதும். புலமை வேண்டியது இதற்கு மேல்தான்: இது என்ன சுவடி என்று எழுதிவைப்பது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுவடிக்கு அட்டை கிடையாது, முகப்பில் தலைப்பு இருந்தே தீரும் என்பதும் இல்லை. பெரும்பாலும் நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் கடைசி ஏட்டில் வரும் குறிப்பில் இருக்கும். அந்த ஏடு உடைந்திருந்தால் உள்ளே படித்துத்தான் நூலை அடையாளம் காண வேண்டும். நாள் கிடைத்தாலும் தலைவலி தீராது. ‘பிரமாதி வருஷம் ஆனி மாதம்’ என்று எழுதியிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரமாதி வரும். எந்தப் பிரமாதி? நெல்லை, குமரிப் பக்கத்துச் சுவடியாக இருந்து கொல்லம் ஆண்டும் போட்டிருந்தால் பிழைத்தோம், 825ஐ அல்லது 824ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு வந்துவிடும். இன்னொரு சிக்கல், ஒரே கட்டில் நாலைந்து நூல்கள் இருக்கும். அவசரத்தில் ஒருவர் முதல் ஏட்டை மட்டும் பார்த்து ‘வைத்தியம், 140 ஏடு’ என்று பட்டியலில் எழுதிவிட்டால், நடுவில் கிடக்கும் சோதிட நூலும் அம்மானையும் யார் கண்ணிலும் படாது. அவையும் படமாக இணையத்தில் இருக்கத்தான் செய்யும். தேடுகிறவருக்கு மட்டும் கிடைக்காது.

இந்த விவரக் குறிப்புகளைத்தான் மீத்தரவு என்கிறார்கள். டிஜிட்டல் திட்டங்களில் கேமராவுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் பட்டியல் எழுதத் தெரிந்த ஆளுக்கு ஒதுக்கத் தயங்குகிறார்கள் என்பது என் எண்ணம். விழாவில் காட்டக் கேமரா இருக்கிறது. பட்டியல் எழுதுபவரை எங்கே காட்டுவது?

விவரமும் படமும் ஒழுங்காக இருந்துவிட்டால் என்னென்ன செய்யலாம் என்பதற்குப் பிரான்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஷாத்தோரூ நகர நூலகத்தில் பிரெஞ்சு அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்று உள்ளது. அதிலிருந்த சிறு ஓவியங்கள் சிலவற்றை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். பக்கங்களில் ஓட்டைதான் மிச்சம். வெட்டிய துண்டுகள் பாரிஸில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இரண்டையும் அசலில் சேர்ப்பது நடக்காத காரியம். ஆனால் ஒரு நூலகத்தின் பக்கத்தை அடியில் வைத்து, மற்றதன் ஓவியத்தை ஓட்டை இருக்கும் இடத்தில் பொருத்தித் திரையில் காட்டியிருக்கிறார்கள். படங்களை யாரும் நகலெடுத்து அனுப்பவில்லை. அவை அந்தந்த நூலகத்துக் கணினியிலேயே இருக்கின்றன.

இதைச் செய்ய உதவுவது ‘ட்ரிபிள் ஐ எஃப்’ என்ற பொது விதிமுறை. 2011 வாக்கில் சில பெரிய நூலகங்கள் கூடித் தொடங்கியது. படத்தின் எந்தப் பகுதி, எந்த அளவில் வேண்டும் என்பதை இணைய முகவரியிலேயே எழுதிக் கேட்கலாம். விதியை ஏற்ற எந்த நூலகத்தின் கணினியும் ஒரே மாதிரி பதில் தரும். அதனால்தான் மிகப் பெரிய படத்தையும் நீங்கள் விரலால் பெரிதாக்கும்போது முழுப் படமும் இறங்காமல், பார்க்கும் மூலை மட்டும் சதுரம் சதுரமாக வந்து நிறைகிறது. தமிழுக்கும் இது வேண்டியிருக்கிறது. பாரிஸ் நூலகத்தின் தமிழ்ச் சுவடிகளில் ஒரு பகுதி, 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பணியாற்றிய எதுவார் அரியேல் திரட்டியது. அவற்றில் உள்ள ஒரு நூலின் இன்னொரு படி சென்னையில் இருக்கலாம். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் ஒப்பிட முடிந்தால், பதிப்பாசிரியருக்கு ஒரு விமானச் செலவு மிச்சம்.

அடுத்த படி, படத்தை எழுத்தாக்குவது. படமாக இருக்கும் பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. தட்டச்சான பக்கத்தில் தேடலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்னுரையாகத் தருவது அதற்காகத்தான். இப்போது அச்சு நூல்களை ஓரளவு கணினியே படித்துவிடுகிறது. 1978க்கு முன் அச்சான புத்தகம் என்றால் கொஞ்சம் தடுமாறும்: எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னோ வடிவங்கள் அதற்குப் பழக்கமில்லை. ஓலைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது, சொற்களுக்கு இடையில் இடைவெளி கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ‘தரம’ என்று கீறியிருந்தால் அது தரமா, தாமா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டின் யாப்பு தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார். தமிழ் விக்கிமூலத்தில் இப்படி மனிதக் கண்ணுக்கு ஒழுங்கான இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் படம், எதிரே கணினி படித்த எழுத்து. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். யாரும் போய்த் திருத்தலாம்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் அழியாது என்று நினைத்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அங்கு இணையத்தில் கிடைத்த கையெழுத்துப் படிகளை மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் போனது. எரிந்தாலும் முடங்கினாலும், படி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் ஆபத்துதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை போனது போனதுதான். அந்த இழப்பை அறிந்த சமூகத்திலிருந்து 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், இதழ்களோடு துண்டறிக்கைகளையும் இறந்தவர்களுக்கு வீட்டார் அச்சிடும் நினைவு மலர்களையும்கூடச் சேர்க்கிறது. வம்ச வரலாறு தேடுகிறவருக்கு அந்த மலர்கள் பொக்கிஷம்.

உரிமை பற்றி ஒரு வரி: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்த நூலையோ, அரசு நாட்டுடைமையாக்கிய நூலையோ தயங்காமல் எடுத்து ஆளலாம். மற்றவற்றுக்குத் தளத்தில் போட்டிருக்கும் உரிமைக் குறிப்பைப் பாருங்கள்.

தேடும்போது ஓர் உத்தி. வெளிநாட்டு நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பட்டியலிட்டிருக்கும், எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு. தமிழில் தட்டி எதுவும் வரவில்லை என்றால் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். நூற்பெயருக்கு வராதது சில சமயம் ஆசிரியர் பெயருக்கு வரும்.

வீட்டில் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யப் போகிறவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் பெரும்பாலும் பின்னட்டையில்தான் இருக்கும். அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு படத்தை வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஸ்கேனரை அடுத்த வருஷமும் வாங்கிக்கொள்ளலாம். பெரியம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.