வர்ணத்துக்கு அடியில்

கடையில் ஒரு லிட்டர் வர்ணம் என்ன விலை என்று விசாரித்துவிட்டு, அதன்பின் பட்டறைக்காரர் தம் காருக்கு வர்ணம் பூச எழுதிக்கொடுத்த மதிப்பீட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பவர், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கண்டு திடுக்கிடுவதும், அவ்வளவும் பட்டறைக்காரரின் லாபமே என்று தீர்மானித்துவிடுவதும் இயல்பு. அந்தத் தீர்மானம் நியாயமானதல்ல என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சாட்சி சொல்லப் பட்டறைக்காரரை அழைக்க வேண்டியதில்லை. பணம் கொடுப்பதில் சிக்கனம் பார்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் விதியே போதும். நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், வர்ணச் செலவு பொருளுக்கும் கூலிக்குமாகச் சேர்த்து ஒரே பில்லாக வந்தால், தேய்மானம் கணக்கிடுவதற்காக அதில் 25 சதவிகிதத்தையே பொருளின் விலையாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. மற்ற முக்கால் பங்கும் மனிதரின் உழைப்புக்கும் காலத்துக்கும், அவர் நின்று வேலை செய்யும் இடத்துக்கும் யந்திரத்துக்கும் உரியது.

மோட்டார் வாகனத்தின் ஆரம்ப நாட்களில், குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே காருக்கும் தூரிகையால் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி வந்ததால், ஒரு வண்டி வெளியேற வாரக்கணக்கில் ஆயிற்று. டூபாண்ட் கம்பெனி உண்டாக்கிய 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்ட் கார்களில் பூசப்பட்ட பிறகு, வாரங்கள் மணிகளாகக் குறுகின. ஆனால் குறுகியது வர்ணம் உலரும் நேரமே. வர்ணத்தை ஏற்பதற்குத் தகரத்தைத் தயார் செய்யும் வேலையை எந்த ரசாயனமும் இன்றுவரை சுருக்கித் தரவில்லை.

அந்த வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிங்கர், தகரத்தின் பின்புறம் இரும்புக் கட்டையை அணைத்து முன்புறம் சுத்தியலால் தட்டி ஒடுக்கை எடுத்தபின், எஞ்சிய மேடுபள்ளத்தில் பட்டி வைத்து, அது இறுகியதும் 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று படிப்படியாக மென்மையான தாளுக்குப் போய்த் தேய்க்கிறார்கள். பிரைமர் அடித்ததும் அதன்மேல் கறுப்பு வர்ணத்தை மெல்லிய தூவலாகத் தெளித்து மறுபடி தேய்த்தால், மேடான இடத்தில் கறுப்பு அழிந்துபோக, பள்ளமான இடத்தில் தங்கிவிடும்; அங்கே மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். கைதேர்ந்த பெயிண்டர் இந்த நிலையில் கண்ணை நம்புவதில்லை. உள்ளங்கையை விரித்துக் கதவின் நீளத்துக்கும் மெதுவாக நகர்த்தி, பார்வைக்கு அகப்படாத அலையை ஸ்பரிசத்தால் கண்டுபிடிக்கிறார். இவ்வளவு சிரத்தைக்கும் காரணம் உண்டு: தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம். அத்தனை மெல்லிய படலம் எந்தக் குறையையும் மறைக்காது என்பதோடு, அதன் பளபளப்பு அடியிலுள்ள சிறு கீறலையும் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

விளக்கு, கைப்பிடி, பம்பர், ரப்பர் பீடிங் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசுவதற்கு ஒரு நாள் கூடுதலாகும். கழற்றாமல் காகிதமும் டேப்பும் ஒட்டிப் பூசினால் செலவு குறையும், ஆனால் அந்த ஓரங்களிலிருந்துதான் வர்ணம் பின்னால் உரியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் காற்றோடு கலந்து வரும் ஈரமும், முன்பு போட்ட சிலிகான் பாலிஷின் எச்சமும் பூச்சில் குழிகளை உண்டாக்கி, முடித்த வேலையை முதலிலிருந்து செய்ய வைத்துவிடுவதும் உண்டு.

நிறம் பொருத்துவது வேறொரு வித்தை. காரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கடையில் வர்ணம் கலந்து தருவார்கள் என்பது வாஸ்தவமே. ஆனால் சில வருஷ வெயில் அந்த நிறத்தை மாற்றியிருக்கும். மெட்டாலிக் வர்ணமானால், அதிலுள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள், ஸ்பிரே கன்னின் தூரம், அழுத்தம், சேர்த்த தின்னரின் அளவு ஆகியவற்றுக்கேற்பச் சாய்ந்து படிவதால், ஒரே டப்பா வர்ணம் இரண்டு பெயிண்டர்களின் கையில் இரண்டு சாயலாகத் தோன்றும். ஆகவே அட்டையில் அடித்து வெயிலில் வைத்துப் பார்த்த பிறகும், வேறுபாடு தெரியாதிருக்க நிறத்தைப் பக்கத்துக் கதவின்மேல் கரைந்து மறையுமாறு அடித்து, அந்தக் கதவு முழுவதற்கும் கிளியர் கோட் கொடுக்கிறார்கள். "கீறியது ஒரு கதவு, இரண்டு கதவுக்கு ஏன் பணம்?" என்ற வழக்கமான சச்சரவுக்கு இதுவே விடை.

இனிச் சொல்வதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலையில் வெறும் கூடாகவே இருக்கும் காரை, 150 டிகிரிக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் வைத்துக்கூட அடிப்பூச்சைச் சுட்டெடுக்கலாம். ஒயரும் இருக்கையும் பெட்ரோலும் நிறைந்த காரைப் பட்டறையில் அப்படிச் சுட முடியாது. ஆகவே உஷ்ணம் செய்யும் காரியத்தை ஹார்டனர் என்னும் ரசாயனத்தைக் கொண்டு செய்விக்கிறார்கள். அந்த ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட், தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகமறிந்த மூலங்களில் ஒன்று. பழைய வகை ஸ்பிரே கன்னில் பாதிக்கும் குறைவான வர்ணமே தகரத்தில் படிய, மற்றது பனிபோலக் காற்றில் நிற்கும். அதைத்தான் பெயிண்டர் சுவாசிக்கிறார். மேலிருந்து வடிகட்டிய காற்றை இறக்கி அடியில் இழுத்து வெளியேற்றி, பின்னர் 60 டிகிரி அளவில் சூடேற்றி உலர்த்தும் பெயிண்ட் பூத்தும், வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைத் தரும் முகக்கவசமும் இதற்கென்றே இருக்கின்றன. இரண்டும் விலை உயர்ந்தவை, பூத்தை இயக்குவதற்கே பெரும் எரிபொருள் வேண்டும். இவை இல்லாத சிறு பட்டறையில், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தெருவோரத்தில் வர்ணம் அடிக்கிறார்கள். அங்கே பில் குறைவாக வருவதற்கு ஒரு காரணம் அதுவே. அந்த ஆஸ்துமா ஒருமுறை பற்றிவிட்டால், பிறகு மிகச் சொற்பமான ஆவியே மூச்சை அடைக்கப் போதுமானதாகிவிடுவதால், இளமையிலிருந்து பழகிய தொழிலையே கைவிட நேரிடுகிறது. மதிப்பீட்டில் பூத்துக்கென்று தனியே ஒரு தொகை எழுதியிருந்தால், மற்ற எந்த வரியைப் பற்றிப் பேரம் பேசினாலும், அந்த வரியைக் குறைக்கும்படி நான் கேட்கமாட்டேன்.